பாப்பா செய்

முதல் நாள்

போட் மெயில் ராமநாதபுரத்தில் நின்றபோது இன்னும் இருட்டு விலகவில்லை. வண்டியில் பெரும்பாலும் ராமேஸ்வரம் போகிற கூட்டம். பாம்பனில் ரயில் போகாமல் இருந்த இரண்டு வருஷமும் எல்லோரும் இங்கேயோ மண்டபத்திலோ இறங்கித்தான் பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு இந்த ஸ்டேஷன் பழையபடி தூங்கி வழிகிறது. என்னோடு இறங்கியவர்கள் ஒரு இருபது பேர் இருப்பார்கள்.

வந்த காரியம் இதுதான். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது. அண்ணனுக்கும் எனக்கும் பிரிக்க வேண்டும், நிலத்தை அளக்க வேண்டும். அண்ணனுக்கு பெங்களூரிலிருந்து கிளம்ப நேரமில்லை. 1989-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதால் பெண்பிள்ளைக்கும் சமபங்கு உண்டு. அண்ணன் அதற்கு முகம் சுளித்ததே இல்லை. நல்ல மனசு என்று சொல்லலாம், இல்லை வானம் பார்த்த பூமிதானே என்ற அலட்சியமாகவும் இருக்கலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, அப்புறம் உப்பூர். உப்பூர்ப் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். மேலே கூரை கிடையாது, வெயில் நேராக அவர் மேல் விழும். இந்த மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைக்காது. ஒரு சிதறு தேங்காய் போட்டுவிட்டு அங்கிருந்து மேற்கே திரும்பினேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை, காரணம் போகப்போகத் தெரியும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சாவியோடு காத்திருந்தார். மாடி வைத்த வீடு அந்தக் காலத்தில் ஊரிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்பதால் இன்னமும் ‘மச்சு வீடு’. இப்போது ஊரில் ஏழெட்டு மாடி வீடுகள், பாதி சிங்கப்பூர்க் காசு, பாதி வளைகுடாக் காசு. ஆனால் பெயர் மட்டும் எங்கள் வீட்டை விட்டு இறங்கவில்லை.

இன்றைக்கு இவ்வளவுதான். தூங்க வேண்டும்.

இரண்டாம் நாள்

காலையில் முதல் வேலையாக நிலத்துக்குப் போனேன். எங்கள் பக்கம் வயலைச் ‘செய்’ என்பார்கள். ‘செய்க்குப் போறேன்’ என்றால் வயலுக்குப் போவது. சென்னையில் பள்ளிக்கூடத்தில் இப்படிச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானது நினைவிருக்கிறது.

இது மாசி. நெல் அறுத்து முடிந்து தாள் மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டினால் மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாயைத் தெரியாதவர்களுக்கு: நீளமாக இருக்காது, கோலிக்குண்டு மாதிரி உருண்டை, தோல் தடிமன். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தையிலிருந்து பழம் எடுக்கிறார்கள். இங்கே யாரும் மிளகாய் பறிப்பது என்று சொல்வதில்லை. சிவந்துவிட்டால் அது பழம், காய்ந்துவிட்டால் வத்தல்.

எனக்கு இந்த நிலத்தோடு இருந்த உறவு முழுக்கப் பழத்தோடுதான். முழுப்பரீட்சை லீவுக்குச் சித்திரையில் வருவோம், அது கடைசிக் கட்டப் பழம். அய்யா (அப்பாவின் அப்பா) எனக்கென்று ஒரு சின்ன ஓலைக்கொட்டான் முடையச் சொல்லி வைத்திருப்பார். பெரிய கண்மாய்ப் பக்கம் ஒரு துண்டுச் செய்யைக் காட்டி, ‘இது பாப்பா செய், இதில் பாப்பாதான் முதல் பழம் எடுக்கணும்’ என்பார். கொட்டான் நிறைந்தால் நாலணா. கால்மணி நேரத்தில் விரல் எரிய ஆரம்பிக்கும், கண்ணைக் கசக்கினால் தொலைந்தது. அப்பத்தா நல்லெண்ணெயோடு ஓடி வருவார். மிச்சக் கொட்டானை என் வயதுப் பிள்ளை ஒன்று நிரப்பிக் கொடுக்கும். நாலணா எனக்கு.

ராமநாதபுரம் என்றால் பலருக்குப் புழுதியும் சீமைக்கருவேலமும் தண்ணியில்லாக் காடும்தான். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மிரட்டுவதற்கென்றே ஒரு மாவட்டம். எனக்கு மட்டும் இது சொர்க்கமாக இருந்தது. தண்ணியே வேறு யாரோ தூக்கி வந்த தண்ணி, அப்புறம் சொர்க்கமாக இல்லாமல் எப்படி இருக்கும் என்பது இப்போது புரிகிறது. குளிக்கிற தண்ணீர் கிணற்று உவர்நீர், குடிக்கிற தண்ணீர் ஊருணி. யார் எத்தனை நடை நடந்தார்கள் என்று நான் எண்ணியதில்லை. இன்றைக்கும் தெருவில் நாலைந்து குடம் அடுக்கிய தள்ளுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. தள்ளுகிறவர்கள் எல்லாம் பெண்கள்.

அந்த என் வயதுப் பிள்ளையை இன்று பார்த்தேன். இப்போது எங்கள் நிலத்தில் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவரே அவர்தான். அண்ணன் சொல்லவே இல்லை. பெயர் போட வேண்டாம் என்றார், ரேஷன் கார்டில் ஏதாவது சிக்கல் வந்துவிடுமாம். சின்ன வயதில் அவரைப் பெயர் சொல்லி ‘வாடி போடி’ என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அம்மாவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், எனக்கு அப்போது ஏழு வயது. இன்று வாய் வரவில்லை, ‘அக்கா’ என்றேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. இதென்ன புதுசா அக்கா?” என்று சிரித்தார். “வாங்க பாப்பா, எப்ப வந்தீக?”

ஐம்பது வயதில் பாப்பா. அந்தப் பாப்பாவின் வாலில் ஒரு ‘ங்க’ தொங்கும். அன்றும் தொங்கியது.

களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்தது. பழத்தை எடுத்ததும் வெயிலில் கொட்டிவிட மாட்டார்கள். இரண்டு நாள் குவித்து மூடி வைப்பார்கள், காம்புப் பக்கம் பச்சை நின்றால் அதுவும் சிவந்துவிடும். பிறகுதான் களத்தில் பரப்புவது. நடுவில் ஒரு மழை பிடித்தால் வத்தல் வெளுத்துப்போகும், வெளுத்ததற்கு விலை பாதிகூடத் தேறாது. புவிசார் குறியீட்டைப் பற்றிக் கேட்டேன். “அது வந்ததுல வெலைக்கு ஒண்ணும் தெரியலை. நோட்டீசுல படம் நல்லா வருது” என்றார்.

கிளம்பும்போது ஒரு பை வத்தலை அள்ளிக் கொடுத்தார். காசு நீட்டினேன். “உங்க செய்யில வெளஞ்சதுக்கு உங்ககிட்டயே காசா” என்று கையைத் தட்டிவிட்டார். அவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறாராம். நான் தினமும் எழுதுவதைச் சொன்னேன். “அம்மா செய்யைப் பாக்கணும்னு கெடந்து துடிப்பான், அவனுக்கு அனுப்பிவிடுங்க” என்று நம்பர் கொடுத்தார். அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் காரங்காட்டுக்குப் போய்ப் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றினேன். அழகுதான். ஆனால் மனசு களத்திலேயே இருந்தது, அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

மூன்றாம் நாள்

முதலில் ஒரு திருத்தம். பழம் எடுப்பது ஒரே தடவையில் முடிகிற மாதிரி நேற்று எழுதிவிட்டேனாம், அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து செய்தி போட்டிருந்தார். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை, வைகாசி வரைக்கும் எடுப்பார்கள். சரி.

சர்வேயர் காலையில் வந்துவிட்டார். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைத் தேட ஆரம்பித்தார். வடக்குக் கல் கருவேலங்காட்டுக்குள் இருந்தது. உள்ளே புகுந்து அதைத் தொட்டுவிட்டு வருவதற்குள் என் சுடிதாரில் மூன்று கிழிசல். கிழக்குக் கல்லை எங்கும் காணோம். அரைமணி நேரம் கழித்து, பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டுக்குட்டி கட்டியிருந்த கல்லைப் பார்த்து, “இதுதானய்யா அது” என்றார். வீட்டுக்காரப் பாட்டி, “அது எங்க மாமியா காலத்துலேருந்து இங்கதான் கெடக்கு” என்றார். ஆடு இரண்டு பேரையும் பார்த்தது.

நாங்கள் விட்டுவிட்ட ஏழு ஏக்கரில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. அதைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு வெட்டுக்கு விடலாம், இரண்டு மூன்று வருஷத்தில் திரும்ப வளர்ந்துவிடும், மறுபடி விடலாம். ஒன்றும் செய்யாமல் வருமானம் தருகிற பயிர் அது ஒன்றுதான், எங்களைப் போன்ற நிலக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது.

மத்தியானம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மேய்க்க ஒரு பையன் வந்தான், பதினாலு வயது இருக்கும். சும்மா பேச்சுக்கு, “இந்தச் செய்க்கு என்னப்பா பேரு?” என்றேன்.

“பாப்பா செய்யி.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பது வருஷம் ஆகியும் பெயர் நிற்கிறதே. “ஏன் அந்தப் பேரு?” என்றேன், பதிலை நானே வைத்துக்கொண்டு.

“ஒரு பாப்பா அந்தக் கெணத்துல விழுந்து செத்துப்போச்சு. பணக்கார வீட்டுப் பாப்பா. ராத்திரி கொலுசு சத்தம் கேக்கும். ஊரே சேந்து தேடுனாகளாம், ஒத்தக் கொலுசுதான் கெடைச்சுச்சாம்.”

“நீ கேட்டிருக்கியா?”

“எங்கக்கா கேட்டுருக்கு” என்றான். அவனுக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். நான் சாகவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. ஒரு நல்ல பேய்க்கதையைக் கெடுப்பானேன்?

ஆனால் கொலுசு நிஜம். 1985 சித்திரை, எனக்கு ஒன்பது வயது. அந்தச் செய்யில் பழம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது கால் மொட்டை. அய்யா களத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். எல்லோரும் இறங்கித் தேடினார்கள், மூன்று நாள். செடி செடியாகக் கிளறி, மண்ணைச் சுளகில் புடைத்து, கிணற்றில் ஆள் இறக்கி. எனக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. ஊர் முழுக்க என் பொருளுக்காகக் குனிந்து நிற்கிறது! அய்யா தோளில் உட்கார்ந்து, ‘அங்க பாருங்க, இங்க பாருங்க’ என்று கை காட்டினேன். இந்த நிலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருகிற ஞாபகமே அந்த மூன்று நாள்தான்.

கிடைக்கவில்லை. மெட்ராசுக்குத் திரும்பிவிட்டோம். டிசம்பரில் அரைப்பரீட்சை லீவுக்குக் கிளம்ப ஹோல்டாலை (ரயிலுக்குக் கொண்டுபோகும் படுக்கைச் சுருட்டு) பிரித்தபோது, தலையணை வைக்கிற மடிப்புக்குள்ளிருந்து கொலுசு விழுந்தது. ஏப்ரலில் ஊருக்கு வரும்போது ரயிலிலேயே கழன்றிருக்கிறது, காலைக் கவனிக்கவே இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ‘அய்யாகிட்ட மூச்சு விடாதே, மனுஷன் ஆடிப்போயிடுவார்’ என்று பீரோவில் வைத்துப் பூட்டினார். எங்கள் வீட்டு விசேஷங்களில் இதை இன்றும் சொல்லிச் சிரிப்போம்.

நான்காம் நாள்

அண்ணன் காலையில் போன் செய்து, பேயாகிப்போனதற்கு வாழ்த்துச் சொன்னான். அய்யா தோளில் உட்கார்ந்தது தானாம், நான் இல்லையாம். இருக்கலாம்.

களத்துக்குப் போனேன். அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் வத்தலில் காம்பு ஒடிந்தது, வெளுத்தது என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் தும்மல். அவர்கள் யாரும் தும்மவில்லை.

குத்தகை விவரம் கேட்டேன். எழுத்தில் ஒன்றும் கிடையாது, அண்ணனிடம் போனில் பேசியதோடு சரி. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற வி.ஏ.ஓ. கணக்கு) வாங்க ஒவ்வொரு வருஷமும் அலைகிறார். மத்திய அரசு வருஷத்துக்குக் கொடுக்கிற 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். அண்ணனும் நானும் வருமான வரி கட்டுகிறவர்கள், அதனால் எங்களுக்குக் கிடையாது. அக்கா பெயரில் நிலம் இல்லை, அவருக்கும் கிடையாது. இந்த மூன்று ஏக்கர் அந்தக் கணக்கிலேயே வராது.

“முன்னெல்லாம் அய்யா ஒரே ஆளுக்குக் குடுக்க மாட்டாருல்ல, மாத்தி மாத்தித்தானே குடுப்பாரு” என்றேன். எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்ற தர்ம சிந்தனை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நானும் அப்படியே நம்பிப் பல இடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா நிமிராமல் சொன்னார். “ரெண்டு போகத்துக்கு மேல ஒருத்தன நிக்க விட்டா அவன் பதிஞ்சுருவான்ல, பாப்பா.”

அவ்வளவுதான். சட்டம் படித்த எனக்கு அது உறைக்க ஐம்பது வயது ஆகியிருக்கிறது. 1955-இல் குத்தகைச் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்கிற சட்டம். ஒருவர் தொடர்ந்து உழுகிறார் என்று ஏட்டில் ஏறிவிட்டால் அவரைச் சுலபமாகக் கிளப்ப முடியாது. அய்யாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. களத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது.

“எங்களை ஒரு போகத்துலயே நிறுத்திட்டாரு. கொலுசு காணாமப் போச்சுல்ல, அந்த வருசம்.”

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். அந்தச் செய் அப்போது அவருடைய அம்மா வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், எடுத்தது. யாரும் திருடினாய் என்று சொல்லவில்லை. அய்யா கை ஓங்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆவணியில் விதைப்புக்குக் கேட்கப் போனபோது, ‘இந்தத் தடவை வேற ஆள் பார்த்திருக்கேன்’ என்றார், அவ்வளவே. ஊருக்குப் புரிந்துவிட்டது. வேறு யாரும் நிலம் கொடுக்கவில்லை. புரட்டாசியில் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போனார்கள். ஆறு வருஷம்.

“மொளகா எரிச்சல் பழகுன கைதானேன்னு நெனச்சோம். உப்பு வேற மாதிரி பாப்பா. வெரலு இடுக்குல வெடிச்சு உள்ள போகும்.”

அந்த டிசம்பரில் நான் வந்தபோது அவரைத் தேடியது நினைவிருக்கிறது. வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். வலது காலில் கொலுசு இல்லாமல் நின்றேன், அம்மா அதையும் கழற்றி வைத்திருந்தார், ஒத்தைக் கொலுசு போடக்கூடாது என்று. இரண்டும் பீரோவில் ஜோடியாக இருந்தன.

“அப்புறம் அது கெடைக்கவே இல்லையா பாப்பா?” என்று அக்கா கேட்டார். கையில் இருந்த வத்தலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

“அப்ப கிடைக்கலை அக்கா” என்றேன்.

பொய் இல்லை. ‘அப்ப’ என்று ஒரு சொல்லைப் போட்டுக்கொண்டேன், அது வக்கீல் புத்தி. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிடி வத்தலை முறத்தில் அள்ளினார்.

நாளைக்கு ராத்திரி ரயில். காலையில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

அண்ணன் மறுபடி போன் செய்தான். அய்யாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. “செத்துப்போன மனுஷன். இதையெல்லாம் எழுதணுமா?” என்றான். எழுதிவிட்டேன். ஊர்ப் பெயர் போடாததே அவனுக்காகத்தான்.

ஐந்தாம் நாள்

ரயிலில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் ஆறு மணிக்கே செய்க்குப் போய்விட்டேன். பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனி இருக்கும்போது எடுத்தால் காம்பு ஒடியாது. வரப்பில் நின்று, “அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“கொலுசா?” என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. நான்தானே மகனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

“முந்தாநேத்து ராத்திரியே போன் போட்டு வாசிச்சுக் காட்டிட்டான். படுக்கைச் சுருட்டுல இருந்துச்சுன்னு.”

அப்படியானால் நேற்று களத்தில் கேட்டபோதே தெரிந்திருக்கிறது. நான் ‘அப்ப கிடைக்கலை’ என்றபோதும்.

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். சரியாக என்ன சொன்னேன் என்று நினைவில்லை, நீளமாகச் சொன்னேன். செய்யைப் பங்கில் கேட்டு வாங்கி அவர் பெயரில் குத்தகையைப் பதிந்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஒரு செடி முடித்து அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

“ஆத்தா செத்துப் பதினோரு வருசமாச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பதியறதப் பதிங்க. அண்ணங்கிட்டக் கேட்டுக்கிட்டுச் சொல்லுங்க.”

கூடவே நின்று நானும் பழம் எடுத்தேன். விரல் எரிந்தது. யாரும் எண்ணெய் கொண்டு வரவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் கிளம்புவதற்கு முன் களத்துக்குப் போய், சென்னைக்கு இரண்டு கிலோ வத்தல் வேண்டும் என்றேன். அக்கா எழுந்து சாக்குக்குப் பின்னாலிருந்து தராசை எடுத்து வந்தார். தட்டைத் துடைத்தார். படிக்கல்லை வைத்து, நல்ல வத்தலாகப் பார்த்து அள்ளிப் போட்டு, முள் நடுவில் நிற்கும்வரை இரண்டு காய் எடுத்து, ஒரு காய் திரும்பப் போட்டார். விலை சொன்னார். கொடுத்தேன். சுருக்குப் பையை அவிழ்த்து மீதி நாற்பது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார்.